ஜெர்மனிக்குக் கிளம்பும் முன்பே அங்கே வங்கிக் கணக்கு திறக்க முடியுமா?

பொன்மலை | 8 ஜூன் 2025, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். திருச்சியில் இருந்து எழுதுகிறேன். கெம்னிட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் முதுகலைக்கு இடம் கிடைத்திருக்கிறது. அக்டோபரில் வகுப்பு. என் படிப்புச் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்று கைக்கு வந்துவிட்டது. இனி விசாவுக்குப் பணத்தைக் காட்ட வேண்டும்.

எனக்குக் குழப்பமே இங்கேதான். பிளாக்டு அக்கவுண்ட் என்கிறார்களே, அதுவும் அங்கே எல்லோரும் வைத்திருக்கும் சாதாரணக் கணக்கும் ஒன்றா, வேறா? சாதாரணக் கணக்கை இங்கே இருந்தபடியே திறந்துவிட்டுப் போக முடியுமா? இறங்கும் நாளில் கையில் ஒரு கார்டு இருந்தால் அப்பா அம்மாவுக்கு நிம்மதியாக இருக்கும். எங்கள் பகுதி வங்கி ஒன்றில் கேட்டோம். இந்தியாவில் இருந்துகொண்டு வெளிநாட்டில் கணக்கு வைப்பதே சட்ட விரோதம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து அப்பா சரியாகத் தூங்கவில்லை.

இன்னொன்று. என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் காலி. என் பெயர் மட்டும்தான் இருக்கிறது. இதனால் ஏதாவது தொல்லை வருமா?

---

வடமேற்குக்காற்று | 8 ஜூன் 2025, இரவு 11:15

வாழ்த்துகள் தம்பி. நான் ஆஹனில் படித்து அங்கேயே வேலைக்கும் சேர்ந்தவன். இரண்டும் வேறு வேறு.

பிளாக்டு அக்கவுண்ட் என்பது பூட்டிய உண்டியல் மாதிரி. ஓர் ஆண்டுச் செலவுக்கான பணத்தை நீ வருவதற்கு முன்பே அதில் போட வேண்டும். இப்போதைய தொகை 11,904 யூரோ, அதாவது மாதம் 992. 2024 செப்டம்பருக்கு முன்னால் மாதம் 934 ஆக இருந்தது. பழைய வலைப்பக்கங்களில் இன்னும் அந்த எண்தான் கிடக்கும், அதைப் பார்த்து அனுப்பிவிடாதே. முன்பெல்லாம் டாய்ச்சு பேங்க்தான் இந்தக் கணக்குக்குப் பெயர் போனது. 2022 நடுவில் அவர்கள் புதிய மாணவர்களுக்குத் திறப்பதை நிறுத்திவிட்டார்கள். இப்போது ஃபின்டிபா, எக்ஸ்பாட்ரியோ, கோரக்கிள் போன்றவை வழியாக எல்லாரும் திறக்கிறார்கள். வீட்டில் உட்கார்ந்தபடியே, பாஸ்போர்ட்டைக் காட்டித் திறந்துவிடலாம். வெளிநாட்டில் இருப்பவருக்கென்றே உள்ள கணக்கு அது.

ஆனால் அந்த உண்டியலில் இருந்து நேராகக் கடைக்குப் போக முடியாது. மாதா மாதம் 992 யூரோ உன் பெயரில் உள்ள ஒரு சாதாரணக் கணக்குக்கு வரும், அங்கிருந்துதான் செலவு. அந்தச் சாதாரணக் கணக்குக்கு ஜெர்மனியில் பெரும்பாலான வங்கிகள் உள்ளூர் முகவரி கேட்கும். திருச்சி முகவரியை வைத்து அதைத் திறக்க நேரத்தைச் செலவழிக்காதே. சில பிளாக்டு நிறுவனங்கள் கூடவே ஒரு சாதாரணக் கணக்கும் தருவார்கள். அதுவும் பெரும்பாலும் நீ வந்து முகவரியைப் பதிந்த பிறகுதான் உயிர் பெறும்.

---

கோவைக் கணக்கர் | 9 ஜூன் 2025, காலை 7:05

தம்பி, முதலில் அப்பாவிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். கணக்குத் தணிக்கைதான் என் தொழில்.

வெளிநாட்டில் கணக்கு திறப்பது சட்ட விரோதம் இல்லை. ரிசர்வ் வங்கியின் தாராளப் பண அனுப்புதல் திட்டம் 2004 முதல் இருக்கிறது. 25,000 டாலரில் தொடங்கியது, இப்போது இந்தியாவில் வசிக்கும் ஒவ்வொருவரும் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். அதற்காக வெளிநாட்டில் வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ளவும் தனி அனுமதி வேண்டாம். உங்களிடம் பேசிய அலுவலருக்கு இந்த வேலை பழக்கம் இல்லாமல் இருக்கலாம். நகரத்தில் அந்நியச் செலாவணிப் பிரிவு உள்ள கிளைக்குப் போங்கள். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்கான ஏ2 படிவம், பான், சேர்க்கைக் கடிதம், பிளாக்டு அக்கவுண்ட் விவரம் போதும்.

கவனிக்க வேண்டியது, பணம் எதற்குப் போகிறது என்று காட்டும் நோக்கக் குறியீடு. கல்விக்கு எஸ்0305. அவசரத்தில் வெளிநாட்டு முதலீடு, வைப்பு என்று வேறு எதையாவது குறித்துவிட்டால் வரிப்பிடித்தம் எகிறிவிடும். 2025-26 நிதியாண்டில் 10 லட்சம் வரை டி.சி.எஸ்., அதாவது பணம் அனுப்பும்போதே வங்கி பிடிக்கும் வரி, கிடையாது. அதற்கு மேல் போகும் தொகைக்குக் கல்வி என்றால் 5 சதவீதம், முதலீடு போன்றவை என்றால் 20 சதவீதம். யூரோ 98 ரூபாய் என்று வைத்தால் 11,904 யூரோவுக்கு 11,66,592 ரூபாய். 10 லட்சத்துக்கு மேல் உள்ள 1,66,592-க்கு 5 சதவீதம், 8,330 ரூபாய். வங்கிக் கல்விக் கடனில் இருந்து போனால் இந்தப் பிடித்தமே இல்லை. பிடித்தாலும் அது போன பணம் இல்லை. யாருடைய பானில் பிடித்தார்களோ அவருடைய வரிப்பிடித்தப் பட்டியலான 26ஏஎஸ்-இல் ஏறும், வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், மிச்சத்தைத் திரும்பப் பெறலாம்.

---

தேன்சிட்டு | 9 ஜூன் 2025, மதியம் 1:20

கணக்கர் சார் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், ஏனென்றால் இதில் நான் பத்து நாள் இழந்தேன்.

வங்கிகள் நாடு விட்டு நாடு பணம் அனுப்பும் ஸ்விஃப்ட் வழியாக அனுப்பும்போது கட்டணத்தை யார் ஏற்பது என்று படிவத்தில் ஒரு கட்டம் இருக்கும். பகிர்வு என்பதைக் குறித்தால் நடுவில் இருக்கும் வங்கி தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியைத்தான் தள்ளிவிடும். எனக்கு ஒரு சிறு தொகை குறைந்து போய்ச் சேர்ந்தது. முழுத்தொகை இல்லாததால், விசாவுக்குக் காட்ட வேண்டிய பிளாக்டு நிறுவனத்தின் உறுதிக் கடிதம் வரவில்லை. விசா சந்திப்பு நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சில்லறையை மறுபடி அனுப்ப மறுபடி ஏ2, மறுபடி கட்டணம். எல்லாக் கட்டணமும் அனுப்புபவருக்கே என்று குறித்து, அதோடு 50 முதல் 100 யூரோ கூடுதலாக அனுப்புங்கள். கூடுதல் பணம் எங்கும் போகாது, உங்கள் கணக்கிலேயே இருக்கும்.

அப்புறம் பெயர். தம்பி, இதைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். நேரம் இருந்தால் அப்பா பெயரைக் குடும்பப் பெயராகச் சேர்த்துப் பாஸ்போர்ட்டை மறுபடி எடுங்கள்.

---

வடமேற்குக்காற்று | 9 ஜூன் 2025, மாலை 6:48

தேன்சிட்டு, இதில் நான் மாறுபடுகிறேன். இரண்டு ஆண்டு அவகாசம் உள்ளவருக்கு நீங்கள் சொல்வது சரி. இவருக்கு மூன்று மாதம்தான் இருக்கிறது. சேர்க்கைக் கடிதம், ஏ.பி.எஸ்., மதிப்பெண் பட்டியல் எல்லாம் ஒற்றைப் பெயரில் இருக்க, பாஸ்போர்ட் மட்டும் மாறினால் ஒவ்வொரு மேசையிலும் இரண்டும் ஒரே ஆள் என்று நிரூபிக்க வேண்டி வரும்.

---

தேன்சிட்டு | 9 ஜூன் 2025, இரவு 8:02

நீங்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒற்றைப் பெயரோடு ஐந்து ஆண்டு பெர்லினில் வாழ்ந்தவள் நான். ஒரு வங்கி என் பெயரை இரண்டு தடவை அடித்தது, காப்பீட்டு நிறுவனம் முதல் பெயர் இடத்தில் வெறும் கோடு போட்டது, சம்பளம் தருபவர் என் அப்பா பெயரைச் சேர்த்துக்கொண்டார். மூன்று இடத்தில் மூன்று ஆளாக இருந்தேன். தமிழ்நாட்டில் முன்னெழுத்து போட்டுத்தான் எழுதுகிறோம், அது எங்கள் வழக்கம். அதில் குறை எதுவும் இல்லை. ஆனால் பின்னால் வரும் தம்பி தங்கைகளாவது பாஸ்போர்ட் எடுக்கும் முதல் நாளே அந்த முன்னெழுத்தை விரித்து எழுதிவிட வேண்டும் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

சரி, பொன்மலைத் தம்பி இப்போது மாற்ற வேண்டாம். பதிலாக எல்லா இடத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, ஒரே மாதிரி எழுதச் சொல்லுங்கள். பிளாக்டு கணக்கில் எப்படி எழுதினார்களோ அந்தத் திரையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

---

பொன்மலை | 10 ஜூன் 2025, இரவு 10:11

மிக்க நன்றி. அப்பா கணக்கர் சார் எழுதியதை இரண்டு முறை படித்தார். நாளை கன்டோன்மென்ட் பக்கம் உள்ள கிளைக்குப் போகிறோம்.

ஒரு சந்தேகம். மாமா பையன் ஒருவர் மியூனிக்கில் வேலையில் இருக்கிறார். எனக்குக் கணக்கு வரும் வரை அவர் கணக்கிலேயே மாதப் பணத்தை வாங்கிக்கொள்ளலாமா?

---

வடமேற்குக்காற்று | 10 ஜூன் 2025, இரவு 11:30

வேண்டாம் தம்பி. பிளாக்டு பணம் உன் பெயரில் உள்ள கணக்குக்கு மட்டும்தான் போகும், அது ஒரு பக்கம். இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. அங்கே போனதும் உன்னிடமும் யாராவது கேட்பார்கள், "உன் கணக்கில் கொஞ்சம் பணம் வரும், எடுத்துக் கொடு, உனக்குப் பங்கு தருகிறேன்" என்று. இல்லாவிட்டால் வீட்டில் இருந்தே வங்கிச் செயலியைச் சோதித்துப் பார்க்கும் வேலை என்று விளம்பரம் வரும். நீ வீடியோவில் பாஸ்போர்ட்டைக் காட்டி முடிக்கும்போது உன் பெயரில் ஒரு கணக்கு திறந்திருக்கும், சாவி அவர்கள் கையில் இருக்கும். ஏமாற்றிப் பிடுங்கிய பணம் அதன் வழியாக ஓடும். போலீஸ் வருவது உன் கதவுக்கு. பணமோசடி வழக்கு என்றால் தங்கும் அனுமதிக்கே ஆபத்து. நல்ல பிள்ளை ஒருவன் இதில் மாட்டிக்கொண்டு படிப்பைப் பாதியில் விட்டதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அவன் அம்மாவிடம் போனில் பேச வேண்டிய நிலை எனக்கு வந்தது. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். கணக்கு என்பது உன் கையெழுத்து. யாருக்கும் கடன் கொடுக்காதே.

முதல் ஆறு வாரச் செலவுக்கு, வெளிநாட்டுப் பணம் ஏற்றிக்கொள்ளும் ஃபாரெக்ஸ் கார்டில் 1,500 யூரோ அளவில் ஏற்றி வா, கொஞ்சம் ரொக்கமும் வைத்துக்கொள். சமாளிக்கலாம்.

---

காரைநகர்ப் பிள்ளை | 12 ஜூன் 2025, அதிகாலை 1:25

வணக்கம். நான் டோர்ட்முண்டில் இருக்கிறன். பிறந்தது காரைநகர். இந்த இழையை வாசிக்க ஒரு விசயம் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

எங்கட அப்பா எண்பதுகளின் கடைசியில் அகதியாக இங்கே வந்தவர். கன வருசம் அவருக்கு இருந்தது திருப்பி அனுப்பாமல் பொறுத்துக்கொள்கிறோம் என்ற ஒரு தாள் மட்டும்தான். டுல்டுங் என்பார்கள். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வங்கி வங்கியாக ஏறி இறங்கினார். எவரும் கணக்கு கொடுக்கவில்லை. உணவகத்தில் பாத்திரம் கழுவிய சம்பளத்தைத் தெரிந்த ஒருவரின் கணக்குக்கு விட்டுத்தான் எடுத்தவர். அந்த மனிதர் நல்லவர் என்றபடியால் காசு தப்பியது.

இப்போது அப்படி இல்லை. 2016 ஜூனில் இருந்து இங்கே ஒரு சட்டம் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டப்படி தங்கியிருக்கிற ஆருக்கும், நிலையான வீடு இல்லாதவருக்கும், அகதி விண்ணப்பம் போட்டவருக்கும், டுல்டுங் உள்ளவருக்கும்கூட, அடிப்படைக் கணக்கு ஒன்றைப் பெறும் உரிமை உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014 ஆணையின்படி கொண்டுவந்தது. பாசிஸ்கோன்டோ என்று பெயர். சாதாரணக் கணக்கு செய்யும் வேலை எல்லாம் செய்யும், கடன் வசதி மட்டும் இராது. விசாவோடு வந்து இறங்கின மாணவருக்கும் இது பொருந்தும்.

கவுண்டரில் "உங்களுக்குத் தர ஏலாது" என்று வாயால் சொன்னால் திரும்பி வராதேங்கோ. பாசிஸ்கோன்டோ விண்ணப்பப் படிவம் தாங்கோ என்று கேளுங்கோ. அது எல்லா வங்கிக்கும் பொதுவான படிவம். நிரப்பிக் கொடுத்தால் 10 வேலை நாளுக்குள் அவை கணக்கைத் தர முன்வர வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். அந்தக் கடிதத்தோடு பாஃபின் என்ற நிதி மேற்பார்வை அலுவலகத்துக்கு முறையிடலாம். கணக்கைத் திறந்து கொடு என்று வங்கிக்கு உத்தரவு போடும் அதிகாரம் அவைக்கு உண்டு. ஒன்று கவனம், ஜெர்மனியில் ஏற்கெனவே பாவிக்கக்கூடிய கணக்கு ஒன்று உங்களுக்கு இருந்தால் அதைக் காட்டி மறுக்கலாம்.

அப்பா இந்தச் சட்டம் வருவதற்கு முதலே போய்விட்டார்.

---

பொன்மலை | 12 ஜூன் 2025, காலை 8:50

அக்காவா அண்ணாவா தெரியவில்லை, உங்கள் பதிவை அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வாசித்தேன். அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. நீங்கள் சொன்னதை எல்லாம் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன்.

---

காரைநகர்ப் பிள்ளை | 12 ஜூன் 2025, இரவு 11:58

அக்கா தான் தம்பி. வந்து சேர்ந்ததும் எழுதுங்கோ.

---

பொன்மலை | 2 நவம்பர் 2025, மாலை 5:30

அக்கா, அண்ணா, சார், எல்லோருக்கும் கெம்னிட்ஸில் இருந்து வணக்கம். தாமதத்துக்கு மன்னிக்கவும். நடந்ததை ஒழுங்காக எழுதிவிடுகிறேன், அடுத்து வருபவருக்கு உதவும்.

பணம் அனுப்பியதில் சிக்கல் இல்லை. எஸ்0305 என்று சொன்னதும் கிளையில் இருந்த அலுவலர் அம்மா புரிந்துகொண்டார். 70 யூரோ கூடுதலாக அனுப்பினோம். போய்ச் சேர்ந்தபோது 11,904-க்கு மேல் கொஞ்சம் மிச்சம் இருந்தது. தேன்சிட்டு அக்காவை அன்று நினைத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 25 இங்கே வந்தேன். விடுதியில் அறை கிடைத்தது பெரிய அதிர்ஷ்டம். இங்கே ஒரு சுற்று இருக்கிறது. வீடு வாடகைக்குத் தருபவர் வங்கிக் கணக்கு கேட்கிறார். வங்கி முகவரிப் பதிவுச் சான்று கேட்கிறது. பதிவு அலுவலகம் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட தாளைக் கேட்கிறது. விடுதி நிர்வாகம் அந்தத் தாளை உடனே தந்ததால் எனக்குச் சுற்று உடைந்தது. குடியேறி இரண்டு வாரத்துக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம், எனக்கு அக்டோபர் 7 நேரம் கிடைத்தது. அந்தத் தாளைத் தருவேன் என்ற உறுதி இல்லாமல் யாரும் அறைக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம். கையெழுத்து தரமாட்டேன், ஆனால் வாடகைக்குத் தருகிறேன் என்பவரிடம் போகவே வேண்டாம்.

பதிவுச் சான்றில் என் பெயர் குடும்பப் பெயராக விழுந்தது. முதல் பெயர் இடத்தில் ஒரு கோடு. ஒரு வங்கியின் செயலியில் விண்ணப்பித்தேன், முதல் பெயர் கட்டத்தைக் காலியாக விட முடியவில்லை. கோடு போட்டால் பிழை என்று வந்தது. வீடியோவில் பாஸ்போர்ட்டைக் காட்டும் முறையில் இந்தியப் பாஸ்போர்ட்டை அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை, தபால் நிலையத்துக்கு நேரில் போய்க் காட்டச் சொன்னார்கள். போனேன். அங்கே இருந்தவர் சரிபார்த்துவிட்டார். ஆனால் இரண்டு நாள் கழித்து வங்கி காரணம் சொல்லாமல் நிராகரித்து மின்னஞ்சல் அனுப்பியது.

அன்று இரவு உண்மையாகவே கலங்கிவிட்டேன். வந்து மூன்று வாரம் ஆகப் போகிறது, ஃபாரெக்ஸ் கார்டில் 600 யூரோ பக்கம்தான் இருந்தது. அப்போது நோட்டைப் புரட்டினேன்.

மறுநாள், அக்டோபர் 15, வேறொரு வங்கியின் கிளைக்கு நேரில் போனேன். கவுண்டரில் இருந்தவர் வரி எண் வரட்டும், பிறகு பார்க்கலாம் என்றார். நான் பாசிஸ்கோன்டோ படிவம் வேண்டும் என்று ஜெர்மனில் எழுதி வைத்திருந்ததை வாசித்தேன். அவர் என்னைக் கொஞ்சம் பார்த்துவிட்டு உள்ளே போய் இன்னொரு அம்மாவை அழைத்து வந்தார். அந்த அம்மா உட்கார வைத்து, பாஸ்போர்ட்டைப் பார்த்துப் பெயரைத் தானே தட்டச்சு செய்தார். வரி எண்ணைப் பிறகு கொடுத்தால் போதும் என்றார். கொடுத்த நாளின் தேதி போட்டு முத்திரை வைத்த நகலையும் தந்தார். 21-ஆம் தேதி கணக்கு எண் வந்துவிட்டது, 10 வேலை நாள்கூட ஆகவில்லை.

---

தேன்சிட்டு | 2 நவம்பர் 2025, மாலை 6:14

தம்பி, படிக்கப் படிக்க மனம் நிறைந்துவிட்டது. கார்டு வந்ததா? பிளாக்டு பணம் இறங்கியதா?

---

பொன்மலை | 2 நவம்பர் 2025, இரவு 7:20

அதில்தான் இன்னொரு பாடம் அக்கா. கார்டு ஒரு கடிதத்தில், ரகசிய எண் தனிக் கடிதத்தில் வரும் என்றார்கள். ஒரு வாரம் ஒன்றும் வரவில்லை. விசாரித்தால், கடிதம் திரும்பிப் போயிருக்கிறது. விடுதித் தபால் பெட்டியில் என் பெயர் ஒட்டவில்லை. இங்கே அறை எண்ணைப் பார்த்துப் போட மாட்டார்கள், பெட்டியில் பெயர் இருந்தால்தான் போடுவார்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை. அன்றே ஒட்டினேன். 11 இலக்க வரி எண் கடிதமும் பிறகு அந்தப் பெட்டிக்குத்தான் வந்தது.

பிளாக்டு பணம் முதலில் நின்றது. அக்டோபர் 9 முதல் யூரோ நாடுகளில் அனுப்புபவர் எழுதும் பெயரும் கணக்கில் உள்ள பெயரும் பொருந்துகிறதா என்று வங்கிகள் சரிபார்த்துச் சொல்ல வேண்டும் என்ற விதி வந்திருக்கிறது. பிளாக்டு நிறுவனத்தில் என் பெயர் இரண்டு முறை இருந்தது, புதிய கணக்கில் ஒரு முறை. பொருந்தவில்லை என்று காட்டியிருக்கிறது. ஜூனில் நீங்கள் சொன்னபடி எடுத்து வைத்த அந்தத் திரையின் படத்தையும் பாஸ்போர்ட்டையும் அனுப்பினேன். பெயரைத் திருத்தினார்கள். அக்டோபர் 31 அன்று முதல் மாதத்து 992 யூரோ வந்தது.

---

கோவைக் கணக்கர் | 3 நவம்பர் 2025, காலை 6:50

மிக்க மகிழ்ச்சி தம்பி. இந்தப் பக்கத்து வேலை ஒன்று பாக்கி. படிக்க வெளிநாடு போனவர் அந்நியச் செலாவணிச் சட்டப்படி வெளிநாட்டில் வசிப்பவராகக் கருதப்படுவார். திருச்சியில் உங்கள் பெயரில் உள்ள சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் வசிப்பவருக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற விண்ணப்பம் கொடுங்கள். அதை மூட வேண்டியதில்லை, வகையை மாற்றினால் போதும்.

பிற்காலத்தில் ஊருக்கே திரும்பி வந்து, ஜெர்மன் கணக்கை மூடாமல் வைத்திருந்தால், வருமான வரிச் சட்டப்படி முழுமையான உள்நாட்டவர் ஆகும் ஆண்டில் இருந்து அதை வருமான வரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்துக்கான எஃப்.ஏ. அட்டவணையில் காட்ட வேண்டும். அதில் 10 யூரோ இருந்தாலும் காட்டுங்கள். காட்டாவிட்டால் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் அபராதம் வரை இடம் இருக்கிறது. 2024 அக்டோபர் முதல் அசையாச் சொத்து நீங்கலாக மொத்தம் 20 லட்சத்துக்குள் இருந்தால் அந்த அபராதம் இல்லை என்று தளர்த்தியிருக்கிறார்கள், ஆனாலும் காட்ட வேண்டிய கடமை அப்படியேதான் இருக்கிறது.

---

காரைநகர்ப் பிள்ளை | 3 நவம்பர் 2025, இரவு 10:36

தம்பி, முத்திரை வைத்த அந்த நகலைக் கவனமாக வைச்சிருங்கோ. முடிந்தால் பெயரை மறைத்துப் போட்டு ஒரு படம் இங்கே போடுங்கோ. கனபேருக்கு அந்தப் படிவம் எப்படி இருக்கும் என்றே தெரியாது.

---

பொன்மலை | 4 நவம்பர் 2025, காலை 7:15

போடுகிறேன் அக்கா. இன்று மாலை வகுப்பு முடிந்து வந்ததும் ஸ்கேன் செய்து, எந்தக் கட்டத்தில் என்ன எழுதினேன் என்று தமிழில் குறித்துப் போடுகிறேன். எங்கள் விடுதிக்கு மார்ச்சில் இன்னும் இரண்டு தமிழ்ப் பிள்ளைகள் வருகிறார்களாம். தபால் பெட்டியில் அவர்கள் பெயரை நானே முன்கூட்டி ஒட்டி வைக்கப் போகிறேன்.